381 நாட்களின் கணக்கு

மாண்ட்கோமரி பேருந்துப் புறக்கணிப்பு தொடங்கி ஓராண்டு நிறைந்தபோது, அதை நடத்தியவர்களே அதைத் திரும்பிப் பார்க்க ஒரு வாரத்தை ஒதுக்கினார்கள். அமெரிக்காவின் அலபாமா மாநிலத் தலைநகரான அந்த ஊரில் 1956 டிசம்பர் 3 முதல் 9 வரை, அகிம்சையும் சமூக மாற்றமும் என்ற பொருளில் ஒரு பயிலரங்கு நடந்தது. முதல் நாள் கூட்டம் ஹோல்ட் தெரு பாப்டிஸ்ட் தேவாலயத்தில். ஏறக்குறைய ஓராண்டுக்கு முன், 1955 டிசம்பர் 5 அன்று மாலை, அன்று காலை தொடங்கிய புறக்கணிப்பைத் தொடர்வது என்று ஊர் கூடி முடிவெடுத்ததும் அதே கூரையின் கீழ்தான்.

பயிலரங்கு நடந்த வேளை விசித்திரமானது. பேருந்துகளில் இனப் பிரிவினை செல்லாது என்று உச்ச நீதிமன்றம் நவம்பர் 13 அன்றே சொல்லிவிட்டது. ஆனால் தீர்ப்பாணை வாஷிங்டனிலிருந்து ஊர் வந்து சேரவில்லை. இன்னொரு பக்கம், போராட்டக்காரர்கள் நடத்திவந்த வாகன ஏற்பாட்டுக்கு அதே நவம்பர் 13 அன்று மாநில நீதிமன்றம் தடை போட்டிருந்தது. வெற்றி செய்தித்தாளில் வந்துவிட்டது. வேலைக்குப் போகிறவர்கள் மட்டும் இன்னும் நடந்துகொண்டிருந்தார்கள். வெற்றி விழாவும் வேண்டாம், ஒப்பாரியும் வேண்டாம் என்ற இந்த இடைவெளிதான் நிதானமாகக் கணக்குப் பார்க்க வாய்ப்புத் தந்தது.

எதற்கு எதிரான போராட்டம் என்பதை ஒரு பேருந்துக்குள் நின்று பார்த்தால் விளங்கும். மொத்தம் 36 இருக்கைகள். முன்பக்கத்து 10 வெள்ளையருக்கு. பின்பக்கத்து 10 கருப்பினத்தவருக்கு. நடுவில் உள்ள 16 இருக்கைகளில் யார் உட்காருவது என்பது ஓட்டுநரின் இஷ்டம். முன்னால் வெள்ளையர் யாருமே இல்லாவிட்டாலும் அந்தப் பத்து இடங்களும் காலியாகவே போகும். பின்னால் வயதான பெண்கள் கையில் மூட்டையோடு நின்றபடி வருவார்கள். கருப்பினப் பயணி முன்வாசலில் ஏறிக் காசைப் போட்டுவிட்டு, இறங்கிப் போய்ப் பின்வாசலில் ஏற வேண்டும் என்ற வழக்கமும் இருந்தது. காசை வாங்கிக்கொண்டு, அவர் பின்வாசலை எட்டுவதற்குள் வண்டியை எடுத்துவிடும் ஓட்டுநர்களும் உண்டு. இத்தனைக்கும் அந்த நிறுவனத்தின் பயணிகளில் நான்கில் மூன்று பங்கினர் கருப்பினத்தவர். வண்டியை ஓட வைத்த காசு அவர்களுடையது.

பொதுவாகச் சொல்லப்படும் கதை 1955 டிசம்பர் 1 அன்று தொடங்குகிறது. பல்பொருள் அங்காடி ஒன்றில் தையல் வேலை பார்த்த 42 வயது ரோசா பார்க்ஸ் எழுந்து இடம் கொடுக்க மறுத்தார், கைதானார். ஆனால் அந்த வியாழக்கிழமைக்குப் பின்னால் பல ஆண்டு வேலை இருக்கிறது. அலபாமா அரசுக் கல்லூரியில் ஆங்கிலத் துறைத் தலைவராக இருந்த மேரி ஃபேர் பர்க்ஸ் 1946இல் பெண்கள் அரசியல் மன்றம் ஒன்றைத் தொடங்கினார். அதே துறைக்கு 1949இல் வந்து சேர்ந்த ஜோ ஆன் ராபின்சன், கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு ஊருக்குப் புறப்பட்ட நாளில், ஏறக்குறைய காலியாக இருந்த பேருந்தில் தெரியாமல் முன்பக்கம் உட்கார்ந்தார். ஓட்டுநர் கத்திக்கொண்டு வந்து நின்றதும் அழுதபடி இறங்கினார். அந்த அவமானத்தை அவர் மறக்கவில்லை. மன்றத்தின் தலைமை கைக்கு வந்ததும் பேருந்துப் பிரச்சினையையே முதல் வேலையாக எடுத்துக்கொண்டார். 1954 மே 21 அன்று நகர மேயருக்கு எழுதிய கடிதத்தில், நிலைமை மாறாவிட்டால் 25க்கும் மேற்பட்ட உள்ளூர் அமைப்புகள் பேருந்தைப் புறக்கணிப்பது பற்றிப் பேசிவருகின்றன என்று பணிவான மொழியிலேயே எச்சரித்தார். ரோசா பார்க்ஸ் கைதாவதற்கு ஒன்றரை ஆண்டு முந்தைய கடிதம் இது.

1955 மார்ச்சில் கிளாடெட் கோல்வின் என்ற 15 வயது பள்ளி மாணவியும், அக்டோபரில் 18 வயது மேரி லூயிஸ் ஸ்மித்தும் இதே போல் எழுந்திருக்க மறுத்துக் கைதாகியிருந்தனர். அவர்களை முன்னிறுத்திப் போராட உள்ளூர்த் தலைவர்கள் தயங்கினார்கள். வயது, குடும்பம், ஊர் என்ன பேசும் என்ற கவலை எல்லாம் அதில் கலந்திருந்தன. பார்க்ஸ் விஷயத்தில் அந்தத் தயக்கத்துக்கு இடமில்லை.

கைது நடந்த அன்று இரவு ராபின்சன் கல்லூரிக்குப் போனார். சக ஆசிரியர் ஒருவரும் இரண்டு மாணவர்களும் துணை. ஒரு தாளில் மூன்று அறிவிப்பு வரும்படி ஸ்டென்சில் வெட்டி, சைக்ளோஸ்டைல் இயந்திரத்தில் விடியும்வரை ஓட்டி, வெட்டிக் கட்டுகளாக அடுக்கினார்கள். திங்கட்கிழமை பேருந்தில் ஏறாதீர்கள் என்ற அந்தத் துண்டறிக்கை பல்லாயிரக்கணக்கில் அச்சானது. காகிதமும் மையும் அரசுக் கல்லூரியுடையவை. தெரிந்தால் வேலை போய்விடும். காலை எட்டு மணிக்கு ராபின்சன் வழக்கம்போல வகுப்பெடுத்தார். வகுப்பு முடிந்ததும் பள்ளிக்கூட வாசல்களில் கட்டுகள் கைமாறின.

டிசம்பர் 5 அன்று பார்க்ஸுக்கு 10 டாலர் அபராதமும் 4 டாலர் வழக்குச் செலவும் விதிக்கப்பட்டன. அன்று பிற்பகல் மாண்ட்கோமரி மேம்பாட்டுச் சங்கம் உருவானது. ஊருக்கு வந்து இரண்டு ஆண்டுகூட ஆகாத 26 வயதுப் பாதிரியார் மார்ட்டின் லூதர் கிங் அதன் தலைவரானார். பழைய கோஷ்டிச் சண்டைகளில் சிக்காதவர் என்பதும் அவருக்குச் சாதகமாக இருந்தது.

சங்கம் முதலில் கேட்டது மிகக் குறைவு. ஓட்டுநர்கள் மரியாதையாகப் பேச வேண்டும். முதலில் வந்தவருக்கு முதலில் இடம், கருப்பினத்தவர் பின்னாலிருந்தும் வெள்ளையர் முன்னாலிருந்தும் நிரப்பிக்கொண்டு வரட்டும். கருப்பினத்தவர் அதிகம் பயணம் செய்யும் தடங்களில் கருப்பின ஓட்டுநர்களை நியமிக்க வேண்டும். இவ்வளவுதான். பிரிவினையை ஒழி என்ற கோரிக்கை இந்த மூன்றில் இல்லை. நகர நிர்வாகம் இதையாவது கொடுத்திருந்தால் போராட்டம் டிசம்பரிலேயே முடிந்திருக்கலாம். மறுத்தது, மறுத்ததால்தான் 1956 பிப்ரவரி 1 அன்று வழக்கறிஞர் ஃப்ரெட் கிரே பிரிவினைச் சட்டத்தையே எதிர்த்துக் கூட்டாட்சி நீதிமன்றத்துக்குப் போனார். எதிராளியின் பிடிவாதம் கோரிக்கையை வளர்த்துவிட்டது என்பதை ஓராண்டு கழித்துப் பார்த்தவர்கள் தெளிவாக உணர்ந்திருந்தார்கள்.

முதல் சில நாட்கள் கருப்பின டாக்ஸிக்காரர்கள் பேருந்துக் கட்டணமான பத்து சென்ட்டுக்கே ஆட்களை ஏற்றினார்கள். குறைந்தபட்சக் கட்டணம் 45 சென்ட் என்ற விதியைத் தூசி தட்டி எடுத்து நகராட்சி அதை நிறுத்தியது. 1953இல் லூசியானாவின் பேட்டன் ரூஜ் நகரில் இப்படியொரு புறக்கணிப்பை நடத்திய பாதிரியார் டி. ஜே. ஜெமிசனிடம் கிங் தொலைபேசியில் யோசனை கேட்டார். அந்த அனுபவத்தை வைத்துச் சொந்தக் கார் வைத்திருந்தவர்களின் வண்டிகள் ஒன்று சேர்க்கப்பட்டன. ஏறக்குறைய 300 கார்கள். நம் ஊர் ஷேர் ஆட்டோவைப் போல, ஆனால் காசு வாங்காமல், குறித்த இடத்தில் குறித்த நேரத்தில் வந்து நிற்கும். காலையில் ஏற்றிவிடும் இடங்கள், மாலையில் வெள்ளையர் குடியிருப்புகளில் வீட்டுவேலை முடித்து வருகிறவர்களை அள்ளிக்கொள்ளும் இடங்கள் என்று பட்டியலே அச்சிட்டுக் கொடுத்தார்கள். பிறகு நன்கொடைப் பணத்தில் ஸ்டேஷன் வேகன்கள் வாங்கித் தேவாலயங்களின் பெயரில் பதிவு செய்தார்கள். உருளும் தேவாலயங்கள் என்று ஊர் அவற்றை அழைத்தது. உள்ளூர் நிறுவனங்கள் காப்பீட்டை ரத்து செய்தபோது லண்டன் லாய்ட்ஸ் வரை போக வேண்டியிருந்தது.

பணமும் சமையலறையிலிருந்து வந்தது. ஜார்ஜியா கில்மோர் என்ற சமையல்கார அம்மாள், போராட்டத்தின் காரணமாக வேலையை இழந்தவர். அவரும் தோழிகளும் பொரித்த மீன், கேக், பை எல்லாம் செய்து விற்று, வாராந்திரக் கூட்டத்தில் கொண்டுபோய்க் காசைக் கொட்டுவார்கள். பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் எங்கிருந்தும் இல்லை என்பது பதில். குழுவின் பெயரே ‘எங்கிருந்தும் இல்லை’ மன்றம். வாங்கித் தின்றவர்களில் வெள்ளையரும் இருந்தார்கள் என்பதால், வேலை பார்க்கும் வீடுகளில் சிக்கல் வராமலிருக்க இந்தப் பெயர் உதவியது.

அடக்குமுறை பல வடிவங்களில் வந்தது. 1956 ஜனவரி 26 அன்று, 25 மைல் வேகம் அனுமதிக்கப்பட்ட இடத்தில் 30 மைல் வேகத்தில் போனதாகக் கிங் கைது செய்யப்பட்டார். ஜனவரி 30 அன்று அவர் வீட்டில் குண்டு வெடித்தது. மனைவியும் கைக்குழந்தையும் உள்ளே இருந்தும் தப்பினார்கள். இரண்டு நாளில் மூத்த தொழிற்சங்கவாதி இ. டி. நிக்ஸன் வீட்டுக்கும் குண்டு. பிப்ரவரியில், புறக்கணிப்பைத் தடை செய்யும் 1921ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றைக் கொண்டு 89 பேர்மேல் குற்றம் சாட்டினார்கள். இதில் கிங்குக்கு 500 டாலர் அபராதம், 500 டாலர் வழக்குச் செலவு. வெளியிலிருந்து வந்த அடியைத் தவிர உள்ளேயும் உரசல் இருந்தது. ஜூன் மாதம் சங்கத்தின் செயலாளர்களில் ஒருவரே நிதி முறைகேடு நடக்கிறது என்று பகிரங்கமாகச் சொல்லி, சில நாட்களில் திரும்பப் பெற்றுக்கொண்டார்.

இத்தனையும் முதுகில் சுமந்துதான் டிசம்பர் 3 கூட்டத்துக்கு வந்தார்கள். அன்று கிங் ஆற்றிய உரை, ஓராண்டில் கற்றவை என்று ஆறு விஷயங்களை அடுக்கியது. ஒரு பொதுக் காரியத்துக்காக நம்மால் ஒட்டி நிற்க முடியும்; நம் தலைவர்கள் விலைபோக வேண்டியதில்லை; துணிந்து, வன்முறையில்லாமல் நிற்பவர்களை மிரட்டலும் குண்டும் பணிய வைக்காது; தேவாலயம் ஆன்ம மீட்போடு நிற்காமல் சமூகத்துக்காகவும் பேசத் தொடங்கியிருக்கிறது; நமக்கு நம் மதிப்புத் தெரிந்திருக்கிறது; வன்முறையற்ற எதிர்ப்பு என்ற புதிய ஆயுதம் கிடைத்திருக்கிறது. இந்த ஆறில் ஒன்றுகூட நகராட்சியைப் பற்றியோ பேருந்து நிறுவனத்தைப் பற்றியோ பேசவில்லை. ஆறும் போராடியவர்கள் தங்களைப் பற்றித் தெரிந்துகொண்டவை. கருப்பினத்தவர் ஒற்றுமையாக இருக்க மாட்டார்கள், அவர்கள் தலைவர்கள் காசுக்கு மயங்குவார்கள் என்று வெள்ளையர் சொன்னதைக் கருப்பினத்தவரில் பலரும் நம்பிவந்தார்கள் என்பதை அறிந்தால்தான் முதல் இரண்டு பாடங்களின் கனம் புரியும்.

உரையின் பிற்பகுதி அடுத்து வருவதைப் பேசியது. புறக்கணிப்பு ஒரு வழி மட்டுமே, முடிவில் வேண்டியது சமரசமும் பகிர்ந்து வாழும் சமூகமும் என்றார் கிங். வாக்குரிமை, நல்ல தலைமை, போட்டியிடும் தகுதி என்று பட்டியல் நீண்டது. தகுதியை வளர்த்துக்கொள்ளச் சொல்லும் பகுதி இன்று படிக்கும்போது சற்று உபதேசமாகத் தொனிக்கிறது. தடையைப் போட்டவனை விட்டுவிட்டுத் தாண்டுகிறவனுக்குப் பாடம் எடுப்பது போல.

அந்த வாரத்தில் வாசிக்கப்பட்ட இன்னொரு உரை, ஜார்ஜியா மாநிலத்தின் வெள்ளையர் எழுத்தாளர் லிலியன் ஸ்மித்துடையது. அன்றைய தென் மாநிலங்களில் நல்ல மனம் கொண்ட வெள்ளையர் பலரும் தங்களை மிதவாதிகள் என்று சொல்லிக்கொள்வதில் பெருமைப்பட்டார்கள். ஸ்மித்தின் உரை அந்தப் பெருமையை நேராகத் தாக்கியது: சரியான வழி நடுவழி ஆகாது என்பதே அதன் தலைப்பு. வெள்ளையரில் வாய் திறந்தவர்கள் மிகக் குறைவு. நகர நூலகர் ஜூலியட் மோர்கன், புறக்கணிப்பு தொடங்கிய ஒரு வாரத்திலேயே உள்ளூர்ச் செய்தித்தாளுக்கு எழுதி, இதைக் காந்தியின் உப்புச் சத்தியாகிரகத்தோடு ஒப்பிட்டவர். அந்தக் கடிதத்தைப் பற்றிக் கிங்கே பின்னர் எழுதினார்.

இயக்கக்காரர்கள் ஆண்டு முடிவில் கணக்குப் பார்த்தார்கள் என்றால், அறிஞர்கள் ஆண்டு முழுவதுமே நோட்டும் பேனாவுமாக இருந்தார்கள். அலபாமா அரசுக் கல்லூரி வரலாற்றாசிரியர் லாரன்ஸ் ரெடிக், போராட்டம் தொடங்கிய சில மாதங்களிலேயே ‘டிசென்ட்’ இதழில் அதைப் பற்றி எழுதினார். அதே கல்லூரியின் நார்மன் வால்டன் ‘நடக்கும் நகரம்’ என்ற தொடரைக் கருப்பின வரலாற்று இதழ் ஒன்றுக்குத் தந்தார். இவற்றைவிட முக்கியமானது ஃபிஸ்க் பல்கலைக்கழகச் சமூகவியலாளர் பிரஸ்டன் வேலியன் தலைமையில் 1956 தொடக்கத்தில் வந்திறங்கிய ஆய்வுக் குழு. அதில் கருப்பினத்தவரும் வெள்ளையரும் இருந்தார்கள். அந்தக் கலவை தற்செயலானதில்லை: வீட்டுவேலைக்காரப் பெண்கள் கருப்பின ஆய்வாளரிடம் பேசுவார்கள்; பிரிவினை ஆதரவாளர்களின் கூட்டத்துக்குள் வெள்ளையர் ஆய்வாளர்தான் போய் உட்கார முடியும்.

அந்தக் குறிப்புகளில் மேடையில் கேட்காத குரல்கள் இருக்கின்றன. கார் வந்து நிற்கும் இடத்தில் காத்திருந்த பெண்கள், பேச்சு வழக்கு மாறாமல் பதிவாகியிருக்கிறார்கள். எஜமானி கேட்டால், அடிதடிக்குப் பயந்து பேருந்தில் ஏறுவதில்லை என்று முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டு சொன்னவர்களும் உண்டு, முகத்துக்கு நேரே நியாயம் பேசியவர்களும் உண்டு. எஜமானிகள் கதையும் சுவையானது. வேலைக்காரிகளைக் காரில் கூட்டி வருவதை நிறுத்துங்கள் என்று ஜனவரியில் மேயர் வெள்ளையர் வீட்டுப் பெண்களைக் கேட்டுக்கொண்டார். பலர் கேட்கவில்லை. மேயர் பேச்சைக் கேட்டால் வீட்டில் துணி துவைப்பது யார்? கிங்கின் ஆறு பாடங்களில் இடம்பெறாத ஏழாவது ஒன்று இங்கே கிடக்கிறது: ஊர் வெள்ளையரின் வீட்டு அடுப்பு கருப்பினப் பெண்களின் கையில் இருந்தது, புறக்கணிப்பு நீடித்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

இத்தகைய பதிவுகளில் யார் பெயர் எந்த அளவு எழுத்தில் வருகிறது என்பது பிந்தைய ஆய்வாளர்களின் பெரிய விவாதமானது. மேடையில் பாதிரியார்கள் பேசினார்கள். ராபின்சன் சங்கத்தின் செயற்குழுவில் இருந்தார், அதன் செய்தி மடலைத் தயாரித்தார், கார் ஓட்டினார். அரசுக் கல்லூரி வேலைக்கு ஆபத்து என்பதால் முகம் காட்டாமலே இருந்தார். பிரிவினைச் சட்டத்தை வீழ்த்திய வழக்கில் ரோசா பார்க்ஸ் பெயர் கிடையாது. அதில் வாதிகளாக நின்றவர்கள் அரேலியா பிரவுடர், சூசி மெக்டொனால்ட், முன்பு தலைவர்கள் தயங்கி ஒதுக்கிய கிளாடெட் கோல்வின், மேரி லூயிஸ் ஸ்மித் ஆகிய நான்கு பெண்கள். ஜூன் 5 அன்று மூன்று நீதிபதிகளில் இருவர் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தனர். அதைத்தான் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது.

இன்னொரு விவாதம்: வென்றது நடையா, வழக்கா? ஒருவர்கூட நடக்காமல் இருந்திருந்தாலும் வழக்கு இப்படித்தான் முடிந்திருக்கும் என்ற கருத்தைச் சட்ட வரலாற்றாளர் ராபர்ட் க்ளெனன் 1991இல் விரிவாக முன்வைத்தார். வழக்கின் கட்டங்களை மட்டும் பார்த்தால் மறுப்பது கடினம். அலபாமா வரலாற்றாளர் ஜே. மில்ஸ் தோர்ன்டன், உள்ளூர்த் தேர்தல் அரசியலின் போக்கைக் கொண்டு வேறொரு விளக்கம் தந்தார். ஆனால் கிங் சொன்ன ஆறு பாடங்களை எந்த நீதிமன்றமும் ஆணையாக அனுப்பியிருக்க முடியாது. அந்த அளவில் நடந்தவர்களின் கணக்கு தனிக் கணக்கு.

இயக்கத்தின் பரிசீலனை, மறுபடி பேருந்தில் ஏறப்போகும் நாளுக்கான ஒத்திகையாகவும் மாறியது. தேவாலயங்களில் நாற்காலிகளைப் பேருந்து இருக்கைகள் போல வரிசையாகப் போட்டு, முன்னால் ஒருவரை ஓட்டுநராக உட்கார வைத்து, சிலரை முரட்டு வெள்ளையராக நடிக்கச் சொன்னார்கள். நடிப்பு சில சமயம் எல்லை மீறிவிடும். வன்முறையில்லாமல் இருக்க வேண்டியவர் திருப்பித் திட்டிவிடுவார். நிறுத்தித் திருத்தி, மறுபடி நடிக்க வேண்டியிருந்தது. டிசம்பர் 19 தேதியிட்ட அறிவுரைத் தாள் ஒன்றும் விநியோகமானது. வேறு இடம் இருக்கும்போது வேண்டுமென்றே வெள்ளையர் பக்கத்தில் போய் உட்காராதீர்கள், உட்காரும்போது அனுமதி கேட்பது வெறும் மரியாதைதான், முதல் நாட்களில் ஒரு துணையோடு ஏறுங்கள், திட்டினால் திட்டாதீர்கள், ஜெயித்துவிட்டோம் என்று பீற்றாதீர்கள். தாங்கிக்கொள்ள முடியாது என்று தோன்றுகிறவர்கள் இன்னும் ஓரிரு வாரம் நடந்தே போகலாம் என்றும் அதில் இருந்தது. மனிதர்களின் பொறுமைக்கு அளவு உண்டு என்று தெரிந்தவர்கள் எழுதிய தாள்.

ஆணை டிசம்பர் 20 அன்று வந்தது. மறுநாள் காலை ஆறு மணியளவில் கிங், சக பாதிரியார் ரால்ஃப் அபர்நாத்தி, நிக்ஸன், வெள்ளையர் பாதிரியார் க்ளென் ஸ்மைலி ஆகியோர் முன்வாசலில் ஏறி முன்னாலேயே உட்கார்ந்தார்கள். 381 நாட்கள் முடிந்திருந்தன. ஆனால் அமைதி நீடிக்கவில்லை. டிசம்பர் 28 அன்று பேருந்தைக் குறிவைத்துச் சுட்டதில் ரோசா ஜோர்டன் என்ற கர்ப்பிணிப் பெண்ணின் இரண்டு கால்களிலும் குண்டு பாய்ந்தது. 1957 ஜனவரி 10 அதிகாலையில் நான்கு தேவாலயங்களிலும் இரண்டு பாதிரியார்களின் வீடுகளிலும் குண்டு வெடித்தது. அதே நாளில் அட்லாண்டாவில் கூடிய தென் மாநிலத் தலைவர்கள், மாண்ட்கோமரியில் கற்றதை மற்ற ஊர்களுக்குக் கொண்டுபோக ஓர் அமைப்புக்கு அடித்தளமிட்டார்கள்.

ரெடிக் 1959இல் கிங் தம்பதியோடு இந்தியா வந்து, சென்னை, காந்திகிராமம் வழியாகக் கன்னியாகுமரி வரை பயணித்தார். அதே ஆண்டு கிங்கின் முதல் வாழ்க்கை வரலாற்றையும் வெளியிட்டார். மறு ஆண்டு மாணவர் போராட்டத்தை ஒட்டி ஆளுநர் உத்தரவால் கல்லூரி அவரை வெளியேற்றியது. பார்க்ஸ் வேலை கிடைக்காமல் 1957இல் டெட்ராய்ட்டுக்குக் குடிபெயர்ந்தார். ஜூலியட் மோர்கன் ஓயாத தொல்லைக்கு ஆளாகி அந்த ஆண்டு ஜூலையில் இறந்தார். பர்க்ஸும் ராபின்சனும் 1960இல் வேலையை விட்டு ஊரைவிட்டுப் போனார்கள்.

ராபின்சன் தன் பங்கைப் புத்தகமாக எழுதி வெளியிட 1987 ஆகிவிட்டது. போராட்டக் காலத்தில் அவருக்கு 17 போக்குவரத்து அபராதச் சீட்டுகள் வந்தன. வீட்டு ஜன்னலில் கல் விழுந்தது. ஓர் இரவு போலீஸ் உடையிலிருந்த ஆட்கள் அவருடைய கிரைஸ்லர் காரின்மேல் அமிலத்தை ஊற்றிவிட்டுப் போனார்கள். விடிந்து பார்த்தால் கூரையிலும் முன்பக்கத்திலும் டாலர் நாணயம் அளவு ஓட்டைகள். முதலில் அழுதார். பிறகு அதையே ஓட்டினார், அதிலேயே ஆட்களை ஏற்றினார். உலகத்திலேயே அழகான கார் அதுதான் என்று அவருக்குத் தோன்றத் தொடங்கியது. கல்லூரி வேலையை விட்ட பிறகுதான் அதை மாற்றினார்.